பின்னே நகர்ந்த குதிரைகள்

தம்பி கிடாரைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தபோது அக்கா ஜன்னலோரம் நின்று வெந்நீர் அருந்திக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை ஒலிப்பதிவு. பிறர் விழாக்களில் பிறர் பாடல்களையே பாடிக் கழிந்த ஆண்டுகளுக்குப் பின், தம்பி இசையமைத்த பாடல்கள் அவள் குரலில் பதிவாகப் போகின்றன. அந்நாளை எண்ணி, குளிர்ந்தது எதையும் நாவில் படவிடாமல் நோன்பிருப்பவள்போல் இருந்தாள்.

"மேல போகப் போக சுருதி விலகுதுக்கா. கொஞ்சம் பார்த்துக் கொடேன்."

"தந்தியெல்லாம் புதுசா இருக்கு! நீயா மாத்தினே? அதிசயம்தான்! குடை கொண்டு வந்தியா? இன்னிக்கு மழை கொட்டப் போகுது."

அவன் சிரித்தான், சிரிப்பு வழக்கத்தினும் சற்று முன்னதாகவே முடிந்தது.

இசைக்கருவிகளைப் பழுதுபார்க்கும் கடையில் அவளுக்கு வேலை. ஆயினும் தம்பியின் கிடாரை மட்டும் வீட்டில் வைத்தே பார்ப்பாள். மற்றவர்கள் தந்தியைத் தொடுவார்கள். இவன் எறும்பை நசுக்குவதுபோல் அழுத்துவான். அழுத்தம் மிகுந்தால் தந்தி இழுபட்டு ஓசை ஏறும். ஆகவே அவனை எதிரே அமர்த்தி, அவன் விரல் அழுத்த, அவள் திருகாணியைத் திருப்புவாள். அவன் கைக்கென்றே அமைந்த சுருதி அது. வேறொருவர் வாசித்தால் பொருந்தாது.

"உக்காரு. அழுத்து."

தந்தியை அழுத்தாமல் மீட்டியபோது சுருதி காட்டும் ட்யூனரின் முள் நடுவில் நின்றது. அடுத்து, கிடாரின் கழுத்தில் குறுக்கே பதித்த பன்னிரண்டாம் கம்பியான ஃப்ரெட்டின் நேர்மேலே தந்தியை மெல்லத் தீண்டி விடுத்தான். சிறுமணி ஒன்று ஒலித்து அடங்கியதுபோல் இருந்தது. அதே இடத்தில் அழுத்தி மீட்டினான். இரண்டும் ஒன்றி நிற்கவேண்டும். அழுத்திய ஓசையோ தாழ்ந்து நின்றது.

அவள் புருவம் சுருங்கியது. இவன் கையில் ஓசை ஏறிப் பார்த்திருக்கிறாள், இறங்கிப் பார்த்ததில்லை. அடுத்த தந்தியும் தாழ்ந்தது. ஆறும் அவ்வாறே.

குனிந்து நோக்கினாள். ஒவ்வொரு தந்தியையும் அதன் அடிமுனையில் ஒரு சிறு இரும்புக் குதிரை தாங்கும். திருகாணியைத் திருப்பினால் அது முன்னும் பின்னும் நகரும். ஆறு குதிரைகளும் அவள் நிறுத்திய இடத்தை விட்டுப் பின்னே போயிருந்தன. திருகாணித் தலைகள் சிதைந்திருந்தன.

"யாருடா இதைத் திருப்பினது?"

"நான்தான்... சும்மா கொஞ்சம்."

"காய் வெட்டுற கத்தியாலயா?"

"சின்ன ஸ்க்ரூடிரைவர் கிடைக்கல."

தந்தி தளர்ந்திருந்தால்தான் குதிரை இவ்வளவு பின்வாங்கவேண்டும். தளர்ந்த தந்தி சிறு அழுத்தத்துக்கும் துள்ளி ஏறும். அதை அடக்கக் குதிரையைப் பின்னே இழுப்பார்கள். இவன் தந்திகளைத் தளர்த்தி வாசித்திருக்கிறான். இங்கு வருமுன் மீண்டும் முறுக்கிவிட்டால் ஒன்றும் தெரியாது என்று நம்பியிருக்கிறான்.

அவள் தந்திகளின் மேல்முனையிலுள்ள முறுக்காணிகளைத் தளர்த்தத் தொடங்கினாள். அவள் பாடும் சுருதி ஐந்து கட்டை. நாலரைக்கு இறக்கி, "அழுத்து" என்றாள். விலகல் குறைந்தது. நான்குக்கு இறக்கினாள். மூன்றுக்கு வந்தபோது மணியோசையும் அழுத்திய ஓசையும் ஏறக்குறைய ஒன்றின.

"மூணு கட்டை. மூணுல நான் பாட முடியுமாடா?"

அவன் தந்திகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆம்பளைக் குரல். யாரு?"

"அக்கா, தப்பா நினைக்காதே..."

"யாருன்னு கேட்டேன்."

"மாமா."

அவள் கணவர். காலையில் வெந்நீர் வைத்துக் கொடுத்து, "சனிக்கிழமை வரைக்கும் சத்தமாப் பேசக்கூடக் கூடாது, தொண்டை பத்திரம்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பியவர்.

"உனக்கு ஜுரம் வந்தப்ப ஒத்திகைக்குச் சும்மா பாடினாரு. ரெக்கார்டிங் கம்பெனிக்காரர் கேட்டுட்டு, இந்தக் குரல்தான் வேணும்னுட்டாரு. எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியல."

"ரெண்டு பேருக்கும் சொல்லாம இருக்க மட்டும் தெரிஞ்சுதா? சனிக்கிழமை நான் சீவிச் சிங்காரிச்சுக்கிட்டு வந்து நின்னா என்ன சொல்றதா இருந்தீங்க? கரண்ட் இல்லன்னா?"

"தேதி தள்ளிப்போச்சுன்னு..." என்றவன் பாதியில் நிறுத்தினான்.

வாசலில் பைக் ஹாரன் ஒலித்தது. அந்த ஹாரனை அவள் அறிவாள். தம்பியை அழைத்துப்போகக் கணவர் வந்திருக்கிறார்.

"உள்ள வரச் சொல்லு. அவரு வீடுதானே? எதுக்கு விருந்தாளி மாதிரி வெளிய நிக்கிறாரு?"

தம்பி எழவில்லை. ஹாரனும் மறுபடி ஒலிக்கவில்லை.

அவள் குரலை விலக்கியவர்கள் செவியை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். அது அவர்களுக்குத் தேவைப்பட்டது. கத்திமுனையால் எட்டாத அந்த மயிரிழைத் தூரத்தை அவள் கையே கடக்கவேண்டும் என்பதற்காகத்தான் கிடார் இங்கு வந்திருக்கிறது. அவள் ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள்.

"எதுல வெக்கணும்? அஞ்சா, மூணா?"

"அக்கா..."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சேன்னு வாயை மூடிக்கிட்டு இருக்காதே. உன் வாயால சொல்லு. சொன்னாத்தான் திருப்புவேன்."

ஐந்து என்ற ஒரு சொல்லுக்காக அவள் காத்திருந்தாள். அவன் சொல்லிவிட்டால், கம்பெனிக்காரர் வேண்டாம் என்றாலும், கணவர் முகம் திருப்பினாலும், அவளுக்கென்று ஒருவன் இருப்பான். அவன் ஜன்னலைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான்.

"மூணு."

அவள் தலையசைத்தாள். ஆறு குதிரைகளையும் ஒவ்வொன்றாக நகர்த்தினாள். அவன் அழுத்தினான்; அவள் கேட்டாள்; முள் நடுவில் நின்றது. ஒன்றிலும் குறை வைக்கவில்லை.

"வாசிச்சுப் பாரு."

முதல் பாடலின் தொடக்கத்தை வாசித்தான். சுருதி அவ்வளவு தூய்மையாக இருந்ததில் அவனையறியாமல் முகம் மலர்ந்தது. அவள் பாடத் தொடங்கவேண்டிய இடம் நெருங்கியது. பழக்கத்தால் மூச்சை இழுத்தாள். அவன் விரல்கள் அவ்விடத்தில் தயங்கவில்லை, கடந்து போயின.

இழுத்த மூச்சை அவள் ஓசையின்றி விட்டாள்.

"எடுத்துக்கிட்டுப் போ," என்றாள். "அவரு வெயில்ல நிக்கிறாரு."