கிப்பின் பொன்னிறக் கூந்தல்

கிப் வாயைத் திறந்து அந்த உச்ச சுருதியைப் பிடித்தால், பின்னால் டிரம்ஸ் அடிக்கிற லானிக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிடும். எத்தனை மேடை ஏறியும் அது பழகவில்லை. எலும்பும் தோலுமான இந்த உடம்புக்குள் இவ்வளவு பெரிய குரலை எந்தக் கடவுள் கொண்டுபோய் வைத்தான் என்று அவன் வியக்காத நாளில்லை.

ஆனால் ராக் கிளப்புகள் வரிசைகட்டி நின்ற சன்செட் தெருவில் குரலையா பார்த்தார்கள்? முடியைத்தானே பார்த்தார்கள்! கம்பத்துக்குக் கம்பம் இசைக்குழுக்களின் நோட்டீஸ். எல்லாவற்றிலும் கண்ணுக்கு மையும் உதட்டுக்குச் சாயமும் பூசி, தலையை வைக்கோல்போர் மாதிரி உயர்த்திய பையன்கள். இருப்பதிலேயே பெரிய போர் கிப்புடையது. ‘வெல்வெட் ஹார்னெட்’ குழு கிளப்பிலிருந்து ரேடியோவுக்கும், ரேடியோவிலிருந்து டிவிக்கும் கிடுகிடுவென ஏறியது அந்தப் பொன்னிறக் கூந்தலைப் பிடித்துக்கொண்டுதான்.

அது டோப்பா என்பது லானிக்கு மட்டுமே தெரியும். வாராவாரம் சாயமருந்தைக் கொட்டியதில் சொந்த முடி மொத்தமும் உதிர்ந்துபோயிருந்தது. மேடையேறும் முன் கழிவறையைத் தாழிட்டுக்கொண்டு லானிதான் டோப்பாவைப் பசை தடவி ஒட்டுவான். மேலே ஒரு கைக்குட்டையை இறுக்கிக் கட்டுவான்.

“இது மட்டும் வெளிய தெரிஞ்சுது, நம்ம கதை கந்தல்டா” என்பான் கிப்.

“தெரிஞ்சா என்ன? டோப்பாவ நான் மாட்டிக்கிட்டுப் பாடறேன், நீ டிரம்ஸ் அடி.”

“நீ பாடினா போலீஸ் வரும்டா, எருமை!”

ஊரின் பெரிய அரங்கத்தில், டிவிக்காகப் படம்பிடித்த நிகழ்ச்சி. மேனேஜர் மார்வ் கறாராகச் சொல்லிவிட்டார்: “அந்தக் கைக்குட்டையக் கழட்டுப்பா. ஜனங்க வர்றதே உன் முடியப் பாக்கத்தான்.”

கைக்குட்டை இல்லாமல் டோப்பா நிற்குமா என்று லானிக்குச் சந்தேகம். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு டப்பாவுக்கு இரண்டு டப்பா ஸ்ப்ரே அடித்து, கூந்தலைப் பாறையாக்கினான். ஸ்ப்ரேயில் இருக்கிற ஆல்கஹால் பசையைக் கரைத்துவிடும் என்று அந்த மடையனுக்குத் தெரியவில்லை. ஸ்ப்ரே அடித்தால் எதுவும் நிற்கும் என்பதுதானே அந்தத் தெருவின் வேதம்.

கடைசிப் பாட்டு. கிப் உச்ச சுருதியைப் பிடித்து, வழக்கம்போல் தலையை வெடுக்கென்று பின்னால் வீசினான். டோப்பா பறந்துவந்து லானியின் டிரம்மேல் பொத்தென்று விழுந்தது.

கிட்டார் நின்றது. லானியின் கை நின்றது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. கிப் மட்டும் நிறுத்தவில்லை. மொட்டைத் தலை விளக்கில் பளபளக்க, கண்ணை மூடிக்கொண்டு, துணைக்கு ஒரு வாத்தியமும் இல்லாமல் அந்தச் சுருதியை இழுத்துக்கொண்டே போனான். அம்மாடி, அது என்ன குரல்! லானியின் கண் மை கன்னமெல்லாம் வழிந்தது. பிறகு கிளம்பிய கைதட்டலில் கூரை பிய்த்துக்கொண்டு போயிருக்கும்.

டிவிக்காரர்கள் டோப்பா பறந்ததை மட்டும் வெட்டியெடுத்து, சுருதியை விட்டுவிட்டு, திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது.

“குரல் அபாரம்ப்பா, நான் இல்லேங்கல. ஆனா இந்த மண்டைய யார்கிட்ட விக்கிறது?” என்றார் மார்வ். சீக்கிரமே, தலையே வாராத, கட்டம் போட்ட சட்டை மாட்டிய புதுப் பாணிப் பாட்டுக்காரர்கள் வந்து மிச்சத்தையும் காலிசெய்தார்கள். கிப் வீடுகளுக்குக் கூரை வேயப் போனான்.

பல வருடம் கழித்து, பேக்கர்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் ஒரு விவசாயப் பொருட்காட்சி. பன்றிப் போட்டிக்கும் பரிசளிப்புக்கும் நடுவே, மறுபடி ஒன்றுகூடிய பழைய குழுவுக்கு ஒரு சின்ன மேடை. கிப் வெறும் தலையோடு வந்து நின்றான்.

“அன்னிக்கு ஏன்டா கைய நிறுத்தின?”

“கேட்டுட்டு இருந்தேன்டா.”

“இன்னிக்காவது அடிச்சுத் தொலை.”

கடைசிப் பாட்டில் அந்தச் சுருதி வந்தது, துளியும் தேயாமல். சுட்ட சோளத்தைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள் கடிப்பதை மறந்தார்கள். லானி, பாவி, மறுபடியும் கையை நிறுத்திவிட்டான்.