டொலேடோவுக்கு மூன்றாவது ஆள்

டார்னெய்ட் புறநகரில் தேவராஜா வீட்டுத் தொலைக்காட்சி ஒரு சுவரையே விழுங்கியிருந்தது. அதில் ஸ்பெயின் தேசத்து டொலேடோ நகரம் படம் படமாக ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் அப்துல் வஹீது, மத்தியானம் தின்ற புரியாணி செமிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

வஹீதுக்கு நகரின் மறுகோடியில், டன்டினோங்கில், புடவைக் கடை. பக்கத்துப் பலசரக்குக் கடை தேவராஜாவுடையது. ஆனால் டொலேடோ ஆசை மட்டும் வஹீது வீட்டுச் சொத்து. மனைவி சாரா உம்மா பத்து வருடம் விடாமல் கேட்டார். ஒவ்வொரு தடவையும் வஹீது சொன்ன பதில், "பார்ப்பம்." கடைத்தெருவில் வளர்ந்தவர் முதல் கேள்விக்கே தலையாட்டுவாரா? கேட்கிறவர் இன்னும் இரண்டு படி இறங்கட்டும் என்று இருந்தார். இருந்த இடைவெளியில் தேவராஜா போய் வந்துவிட்டார்.

"ஒரு தெருவில பள்ளிவாசல், அடுத்த தெருவில யூதரின்ர செபக்கூடம், அங்கால தேவாலயம். நீ பார்க்கவேணும் மச்சான்."

"பள்ளிவாசலில இப்ப தொழலாமோ?"

"இல்லை. பிறகு அதையும் தேவாலயமாக்கிப் போட்டாங்கள்."

"அப்ப என்னத்துக்கு அவ்வளவு தூரம்?" துணியைத் தடவி இழை விட்ட இடம் தேடுகிறவர் போல வஹீது திரையைக் கூர்ந்து பார்த்தார். "படமும் மங்கல்."

"அது உன்ர கண்ணாடி. துடைச்சுப்போட்டுப் பார்."

அடுத்த படத்தில் வெள்ளைத் தூண்கள், குதிரை லாடம் போல வளைவுகள், நடுவில் தேவராஜாவின் வயிறு.

"இதுதான் அந்தப் பள்ளிவாசல்."

"இல்லை அண்ணை," என்றார் பக்கத்தில் இருந்த சாரா உம்மா. "இது யூதரின்ர செபக்கூடம். முஸ்லிம் கொத்தனார்மார் கட்டினது, அதுதான் வளைவு அப்பிடி. பள்ளிவாசல் செங்கல். இதைவிடச் சின்னன்."

தேவராஜா சிரித்தார். "போகாத நீங்கள் சொல்லுறியள், போன நான் முழிக்கிறன்."

அதுவரை அந்த ஊரில் நடந்து வந்த தேவராஜாவின் கால்களைப் பார்த்துத்தான் வஹீதுக்கு வயிறு எரிந்தது. இப்போது அந்த ஊரின் மேலேயே எரிந்தது. அவர் கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்த காலமெல்லாம், அவரைக் கூப்பிடாமல், மனைவி மனசால் அங்கே தெருத் தெருவாக நடந்திருக்கிறார்.

இன்னொன்றும் உறைத்தது. கடைசி இரண்டு வருடமாகச் சாரா உம்மா கேட்கவே இல்லை. பேரத்தில் வென்றுவிட்டோம் என்று நினைத்திருந்தார். திரும்பிப் பாராமல் படியிறங்கும் வாடிக்கைக்காரி வேறு கடை பார்த்துவிட்டாள் என்பது, புடவைக் கடைக்காரருக்குத் தெரியாத சங்கதியா?

தேவராஜாவின் மனைவி ஷாமளா தேநீர் கொண்டு வந்தார். "இவரோட போய் எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. ஏப்ரலில சாராவோட இன்னொருக்காப் போறன். ரெண்டு பேரும் ரிக்கெற் போட்டிட்டம். சொல்லேல்லையோ சாரா?"

வஹீது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

திரும்பும் வழியில், வெஸ்ட்கேட் பாலத்தில் கார் ஏறும்போது மெல்ல ஆரம்பித்தார். "ஏப்ரலில கடையைப் பூட்டலாம். பெருநாளும் முடிஞ்சிடும்."

சாரா உம்மா கீழே துறைமுகத்துக் கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெட்டி தூக்க ஒரு ஆள் வேணும்தானே."

"சில்லு வைச்ச பெட்டி. தானா உருளும்."

"படம் எடுக்க?"

"ஷாமளா நல்லா எடுப்பா."

எந்த வாடிக்கைக்காரியிடமும் வஹீது இவ்வளவு இறங்கியதில்லை. பாலமும் இறங்கத் தொடங்கியது. "மூண்டாவது ஆளாப் பின்னால வாறன். நீர் சொல்லுறதைக் கேட்டுக்கொண்டு வருவன். வாயே திறக்க மாட்டன்."

சாரா உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"பார்ப்பம்," என்றார்.