சிஸ்டர் எர்னஸ்டீனின் தொப்பியில் குடியேறிய குருவிகள்

மெம்ஃபிஸ் நகரத்தில் வெர்லீன் டாக்கின்ஸ் தன் நாற்பத்தோராவது வயதில் முதல் மாத்திரையை விழுங்கிய காலையில், அவளுடைய இடது காதிலிருந்து சிட்டுக்குருவிகள் வெளியேறின. காபி ஆறுவதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. இரண்டு மட்டும் உள்ளேயே தங்கிவிட்டன. அவற்றோடு அவளுக்கு ஏற்கெனவே பழக்கம். மற்றவை சமையலறை ஜன்னல் வழியே போய், தெருமுனை வீட்டில், சபையின் மூத்த பெண்மணியான சிஸ்டர் எர்னஸ்டீன் கூல்ஸ்பி ஞாயிற்றுக்கிழமைக்கென்று வைத்திருந்த தொப்பிகளில் குடியேறின. வழியில் வேறு வீடு பார்க்கவில்லை.

காரணம் இருந்தது. வெர்லீனுக்கு ஒன்பது வயதானபோது, வகுப்பில் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதற்காக, இந்த எர்னஸ்டீன்தான் அவளைச் சபைக்கு முன்னால் பீடத்தருகே நிறுத்தி, நெற்றியில் ஒலிவ எண்ணெய் தடவி, சோம்பல் ஆவியே வெளியே வா என்று கத்தினாள். ஆவி வரவில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பின்வந்த வருடங்களில் வெர்லீன் பேருந்துகளைத் தவறவிட்டாள், அடுப்பில் கீரையைக் கருக்கினாள், இரண்டு வேலைகளையும் ஒரு கணவனையும் இழந்தாள், பாதி பின்னிய தலையைத் துணியால் மூடிக்கொண்டு திரிந்தாள். எல்லாவற்றுக்கும் தெருவில் ஒரே விளக்கம்தான் இருந்தது. கவனம் ஓரிடத்தில் நிற்காத இதற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர், மருந்தும் உண்டு என்று டாக்டர் சொன்னதை அவள் சபை வாசலில் சொன்னபோது எர்னஸ்டீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அது வெள்ளைக்காரப் பசங்களுக்கு வர்ற வியாதிடி. நம்ம பொம்பளைங்களுக்கு அதுக்கெல்லாம் ஏது நேரம்? முழங்கால் போடு, மனசு வை, எல்லாம் சரியாயிடும்."

"முழங்கால் தேஞ்சுபோச்சு சிஸ்டர். அதுக்கும் ஒரு மாத்திரை கேட்டிருக்கேன்."

குருவிகள் போனபிறகு வெர்லீன் சனிக்கிழமைகளைத் தனக்கென்று எடுத்துக்கொண்டாள். கதவைப் பூட்டினாள், போனை அணைத்தாள், தனக்கும் மகள் ஜான்குவிலுக்கும் தலை அலசி, ஷியா வெண்ணெய் தடவி, வகிடு வகிடாகப் பிரித்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு முழுத் தலையைப் பின்னி முடித்தாள். சபையின் மீன் வறுவல் விற்பனைக்குக் கை போதவில்லை என்று வந்து கதவைத் தட்டினார்கள். தட்டுகிற சத்தத்துக்கு ஏற்ப நகச்சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

இது எர்னஸ்டீனுக்குப் பொறுக்கவில்லை. ஜான்குவிலுக்கும் ஒன்பது வயது, அவளும் ஜன்னல் பார்க்கிறவள். சபையில் பெண்களே ஆராதனையை நடத்தும் 'பெண்கள் ஞாயிறு' வருகிறது, அன்று அந்தப் பிள்ளைக்கும் எண்ணெய் என்று அறிவித்துவிட்டாள். தன் நெற்றியில் ஒட்டிய பெயர் மகளின் நெற்றியில் ஒட்டக்கூடாது என்பதைத் தவிர வெர்லீனுக்கு அந்த வாரம் வேறு நினைப்பில்லை. மாத்திரை இல்லாவிட்டாலும் அவள் கவனம் சிதறியிருக்காத வாரம் அது.

பெண்கள் ஞாயிறன்று எல்லோரும் வெள்ளை உடுத்தி வந்தார்கள். வெர்லீன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தானே பீடத்துக்கு நடந்தாள். எர்னஸ்டீன் எண்ணெயில் விரலை நனைக்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு வெர்லீன், காதுக்குள் இருந்தபோது குருவிகளை எழுப்பியதுபோல, மெதுவாக நாக்கைச் சொடுக்கினாள்.

தொப்பி விழித்துக்கொண்டது. "சோம்பல்..." என்று தொடங்கிய எர்னஸ்டீனுக்கு வீட்டில் இஸ்திரிப்பெட்டியை அணைத்தோமா என்று சந்தேகம் வந்தது. அதைப் பார்க்க ஓடியவள் பாதி வழியில் ஒரு மூப்பரின் கழுத்துப்பட்டையைச் சரிசெய்தாள், ஜன்னலில் இலை உதிர்வதைப் பார்த்தாள், எண்ணெய் விரலோடு நடுப்பாதையில் மேலும் கீழும் ஓடினாள். பரிசுத்த ஆவி இறங்கிவிட்டதென்று சபை நினைத்தது. ஆர்கன்காரர் வேகமான மெட்டுக்குத் தாவினார், டிரம்ஸ் பிடித்துக்கொண்டது, வெள்ளைக் கையுறை போட்ட சபை ஊழியப் பெண்கள் விசிறிகளோடு அவளைச் சூழ்ந்தார்கள்.

"விடுங்கடி! எதுக்கு எந்திரிச்சேன்னே மறந்துபோச்சு!"

"ஆமென்! எல்லாத்தையும் மறந்துடு சிஸ்டர்!" என்று சபை கூவியது.

ஜான்குவிலின் நெற்றி உலர்ந்தபடியே வீடு திரும்பியது.

மறுநாள் எர்னஸ்டீன் இரண்டு கால்களிலும் வேறு வேறு செருப்போடு வந்து நின்றாள். "பேபி, அதுங்களைத் திருப்பிக் கூப்பிட்டுக்கோ. குளிக்கத் தண்ணியைத் திறந்துட்டுக் கடைக்குப் போயிட்டேன், மாடியே மிதக்குது. ஊரே என்னைக் கண்டபடி பேசப்போகுது."

"சோம்பேறின்னா?"

எர்னஸ்டீன் செருப்பு மாறிய ஒரு காலை மற்றதன் பின்னால் ஒளித்தாள்.

"மனசு வைங்க சிஸ்டர்," என்று வெர்லீன் கதவைச் சாத்தினாள். அன்று சனிக்கிழமைகூட இல்லை.

வருடங்கள் போயின. எர்னஸ்டீனின் ஓட்டம் ஆராதனையில் ஓர் அங்கமாகி, அதற்கு இடம்விட்டுப் பாஸ்டர் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டார். தொப்பிக் கடைக்காரி அவளுக்கு மட்டும் காற்றுத்துளை வைத்துத் தைத்தாள். ஜான்குவில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த இலையுதிர் காலத்தில், அவளை அதே டாக்டரிடம் காட்ட வெர்லீன் போயிருந்தபோது, காத்திருக்கும் அறைக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எர்னஸ்டீன் வந்தாள். தொப்பி கீச்சிட்டது. யாரும் தலை தூக்கிப் பார்க்கவில்லை. நனைந்த குடையை ஓரமாக வைக்கச் சொல்வதுபோல, குருவிகளை மடியில் வைத்துக்கொள்ளும்படி நர்ஸ் சொன்னாள். எர்னஸ்டீன் உட்கார இடம் தேடினாள். காலியாக இருந்த ஒரே நாற்காலியில் வெர்லீனின் கைப்பை இருந்தது. வெர்லீன் அதை எடுக்கவில்லை.