தர்சிகாவின் கொப்பி

சனிக்கிழமை காலை பத்து மணியாகியும் தர்சிகா புட்டைத் தொடவில்லை. கம்பியூட்டருக்கு முன்னால் கதிரையில் சம்மணமிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அந்தப் பத்து வயதுப் பிள்ளை மும்முரமாக ஆட்களைச் சுட்டுக்கொண்டிருந்தாள். தாய் சத்தியபாமா மூன்று தரம் கூப்பிட்டுக் களைத்துப்போனாள்.

அந்த ஹெட்போன் வந்த கதையைச் சொல்லவேண்டும். சத்தியபாமா தொண்ணூற்றைந்துச் சண்டையில் யாழ்ப்பாணத்தை விட்டு ஓடிவந்தவள். வெடிச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் கதவைச் சாத்திவிட்டு மூலையில் போய் உட்காருவாள். இந்த விளையாட்டு வேண்டாம் என்று அவள் கெஞ்சியபோது, பேராதனையில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை பார்க்கும் கணவர் தியாகராஜா மறுநாளே ஹெட்போன் வாங்கி வந்தார். சத்தம் நின்றது. பிரச்சினையும் தீர்ந்தது என்று படித்த மனுஷன் நம்பினார்.

அவரை மட்டும் குறை சொல்லி என்ன? அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. கொழும்பில் குண்டு வெடித்தால் அவர்கள் குடியிருந்த அம்பிட்டியவில் தமிழ் வீடுகளின் கதவு தட்டப்படும். றோட்டில் இறங்கினால் அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, ஆயிரம் கேள்வி. பிள்ளை வீட்டுக்குள் இருந்தால் போதும் என்றிருந்தது அவருக்கு. டவுனில் வாங்கிய சீடியைப் போட்டதும், பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று திரையில் வந்ததை அவரும் பார்த்தார். வெள்ளைக்காரன் எல்லாவற்றுக்கும் இப்படித்தான் எழுதுவான் என்று சிரித்துக்கொண்டே அடுத்ததற்குப் போகப் பொத்தானை அழுத்திவிட்டார்.

அந்தச் சனிக்கிழமையும் கதவு தட்டப்பட்டது. ஓர் இன்ஸ்பெக்டரும் மூன்று பொலிஸ்காரர்களும் வந்திருந்தார்கள். பதிவுத் துண்டைப் பார்த்தார்கள், அலுமாரியைத் திறந்து பார்த்தார்கள், மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். தியாகராஜாவுக்கு மூச்சு வந்த நேரத்தில், தர்சிகாவின் தலையணைக்குக் கீழே ஒரு கொப்பி அகப்பட்டது.

முதல் பக்கத்தில் பெரிய கட்டடமொன்றின் படம். வாசலில் இரண்டு சிவப்பு வட்டம், மாடிப்படியில் ஒன்று. தமிழ் வாசிக்கத் தெரிந்த பொலிஸ்காரர் றவூப், பிள்ளையின் கையெழுத்தை உரக்க வாசித்து இன்ஸ்பெக்டருக்குச் சிங்களத்தில் சொன்னார். வாசலில் காவலாளி இரண்டு பேர். பின்பக்கத்தால் வந்து தலையில் சுடவும். குண்டு வைக்கிற இடம், கீழ் அறை.

இந்தக் கட்டடம் எங்கே இருக்கிறது, வரையச் சொன்னது யார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். பதில் வரும்வரை நிற்காமல் தியாகராஜாவை ஜீப்பில் ஏறச் சொன்னார். அந்த நாட்களில் அப்படி ஏறுகிறவர் எப்போது வீடு திரும்புவார் என்று வீட்டாருக்கே தெரியாது.

தியாகராஜா இன்ஸ்பெக்டருக்கு முன்னால் முழங்காலில் நின்றார். இரண்டு கையையும் கூப்பினார். இருபது வருஷமாகப் பேசிய சிங்களம் அந்த நேரம் பார்த்து வாயில் வரவில்லை.

"சேர், இது கம்பியூட்டர் விளையாட்டு. வெல்லுறதுக்குப் பிள்ளை வழி கீறி வைச்சிருக்குது. கும்பிட்டுக் கேக்கிறன், ஒருக்கா பாருங்கோ."

றவூப் மொழிபெயர்த்தார். இன்ஸ்பெக்டர் சற்று யோசித்தார். பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விளையாடிக் காட்டும்படி பிள்ளையிடம் சொன்னார்.

தர்சிகா விளையாடினாள். வாசல், மாடிப்படி, கீழ் அறை என்று கொப்பியில் கீறியது எல்லாம் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தது. இன்ஸ்பெக்டரின் முகம் மெல்ல இளகியது. கீழ் அறையில் கடைசிக் காவலாளி துவக்கை எறிந்துவிட்டு முழங்காலில் நின்று கும்பிட்டான். தர்சிகா அவனைச் சுட்டுவிட்டு மூக்கைச் சொறிந்துகொண்டாள்.

துவக்கைப் போட்டுவிட்டவனை ஏன் சுட்டாய் என்று இன்ஸ்பெக்டர் றவூப் மூலம் கேட்டார்.

"கும்பிடுறவையைச் சுட்டா நூறு புள்ளி கூட, அங்கிள்."

சத்தியபாமா பிள்ளையின் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"இப்ப அப்பாவும் முழங்காலிலை நிண்டு கும்பிட்டவர், பிள்ளை. நீ பாத்தனிதானே?"

தர்சிகா திரும்பித் தகப்பனைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டரின் இடுப்பிலிருந்த துவக்கையும் பார்த்தாள். அவள் முகத்தில் பயமும் இல்லை, கவலையும் இல்லை. கணக்குப் போடுகிற பிள்ளைபோல யோசித்தாள்.

"சேருக்குப் புள்ளி தேவையில்லையாக்கும்," என்றாள்.

றவூப் அதை மொழிபெயர்க்கவில்லை. பிள்ளை என்ன சொன்னாள் என்று இன்ஸ்பெக்டர் இரண்டு தரம் கேட்டும் றவூப் தலையை மட்டும் ஆட்டினார். இன்ஸ்பெக்டர் கொப்பியை மேசையில் வைத்துவிட்டு எழும்பினார். ஜீப் தியாகராஜாவை ஏற்றாமலே போனது.

தப்பிவிட்டோம் என்ற நிம்மதி தியாகராஜாவுக்கு வரவில்லை. சீடியை வெளியே எடுத்து இரண்டாக உடைத்தார். தகப்பனை ஜீப்பில் ஏறச் சொன்னபோது அழாத பிள்ளை, சீடி உடைந்ததற்கு விம்மி விம்மி அழுதாள். சத்தியபாமா அவளை அடிக்கக் கை ஓங்கினாள். தியாகராஜா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவளிலை பிழையில்லை, சத்தியா. பிள்ளை வீட்டுக்குள்ளை இருக்குதோ எண்டு மட்டும்தான் நான் பாத்தனான். என்னத்தைப் பாத்துக்கொண்டு இருக்குது எண்டு பாக்கேல்லை. பெரியாக்களுக்குச் செய்த விளையாட்டைப் பிள்ளையின்ரை கையிலை குடுத்தது நான். இரக்கம் தெரியாத பிள்ளையை வீட்டிலை வளத்துப்போட்டு, வெளியிலை ஒருத்தருக்கும் இரக்கமில்லை எண்டு நான் இனி எந்த வாயாலை சொல்லுறது?"