மூன்றாம் பூச்சு

பாத்ரூமில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துதான் அவள் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மனசு உடைந்தவர்கள் போன் செய்வார்கள். பேசவிட்டுக் கேட்க வேண்டும். அதுதான் வேலை. கதவு சாத்திய தனி அறை வேண்டும் என்பது அதன் முதல் நிபந்தனை. போன வாரம் ஒரு பெண் விம்மிக்கொண்டிருந்த நேரம் பார்த்து மேல்வீட்டில் யாரோ தண்ணீரைத் திறந்துவிட, சுவரிலிருந்த குழாய்க்குள் அருவியே கொட்டியது. ஒருங்கிணைப்பாளர் அன்றே கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்: "இன்னொரு தடவை இப்படிச் சத்தம் கேட்டா உங்கள எடுத்துடுவேன்மா. தப்பா நினைச்சுக்காதீங்க."

தனி அறை இல்லாமல் இல்லை. கூடத்தை ஒட்டிய சின்ன அறையை அவளுக்கென்று ஒதுக்கியாயிற்று. அங்கேதான் அவள் கணவன் அவளுக்காக மேசை செய்துகொண்டிருந்தான்.

வளைந்து நெளிந்த ஓரம் கொண்ட இரண்டு பலகைகள். நடுவே, ஊற்றினால் கல்லாய் இறுகும் நீல ரெசின் பிசினை ஓடை மாதிரி ஊற்றியிருந்தான். அது எப்போதோ இறுகிவிட்டது. மேலே அதே ரெசினில் கண்ணாடி போல ஒரு பூச்சு பூசினால் முடிந்தது கதை. முதல் பூச்சில் கொப்புளம் வந்தது, தேய்த்து எடுத்தான். இரண்டாவதில் ஓர் எறும்பு மாட்டிக்கொண்டது, அதையும் தேய்த்தான். தேய்த்த தூசி துவைத்த துணியில், மகளின் பாடப்புத்தகத்தில், அவள் புருவத்தில்கூடப் படிந்தது. இப்போது மூன்றாவது.

"அப்பா, இது மேசையா, முடியவே முடியாத சீரியலா?" என்றாள் மகள்.

"வாயாடி! உங்கம்மா காலத்துக்கும் உழைக்கணும்னு செய்றேன்."

"அம்மா காலம் பாத்ரூம்லயே முடிஞ்சிடும் போல."

மூன்று பேரும் சிரித்தார்கள். அவள்தான் அதிகமாகச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் தன் மேலேயே எரிச்சல் வந்தது. முகம் தெரியாதவர்கள் சொல்லாமல் விடுவதைக்கூட அவள் காது பிடித்துவிடும். கட்டியவனிடம் 'போதும்' என்ற ஒரு சொல் வாயில் வரவில்லை. ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்ப்பாள். விடிந்ததும் அவன் குனிந்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பலகையை நோட்டம் விடுவதைப் பார்ப்பாள். தொழிற்சாலையை மூடிய பிறகு மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவன். இப்போது அவளுக்கு முன்னால் எழுந்து தலை வாரிக்கொள்கிறான். அதை எப்படிக் கெடுப்பது? கெடுக்காமல் தான் எங்கே போவது? கையில் துடைப்பத்தோடு அறைக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பாள், பெருக்க ஒன்றும் இல்லாதபோதும்.

மூன்றாவதைப் பூசிய அன்று, அது காயக்கூட இல்லை, அவன் தேய்க்க உப்புத்தாள் வாங்கக் கிளம்பிவிட்டான். "நைஸ் தாள் வேணும், ஓரத்துல லேசா அலை தெரியுது." அவள் கண்ணுக்கு ஓர் அலையும் தெரியவில்லை.

அவன் போன கையோடு அழைப்பு வந்தது. அவள் பாத்ரூம் கதவைத் தட்டினாள்.

"இப்பதான்மா சோப்பு போட்டேன்!" என்றாள் மகள் உள்ளேயிருந்து.

போன் உள்ளங்கையில் துடித்தது. சின்ன அறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினாள். தூசி படாமலிருக்க அவன் கட்டியிருந்த பிளாஸ்டிக் விரிப்பை விலக்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். "சொல்லுங்க. கேக்குறேன்."

எதிர்முனையில் ஒரு கிழவரின் குரல். தயங்கித் தயங்கி, பாதியில் நின்று, திரும்பத் தொடங்கிய குரல். கேட்கக் கேட்க அவள் முன்னால் சாய்ந்தாள். முழங்கை தானாகவே மேசையில் ஊன்றிக்கொண்டது. எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை. கடைசியில் அவர் சொன்னார்: "உங்க பக்கம் ரொம்ப அமைதியா இருக்கும்மா. அதனாலதான் இவ்வளவு பேசினேன்."

எழப் பார்த்தாள். சட்டைக் கை வரவில்லை.

இழுத்தால் பூச்சும் சேர்ந்து வந்தது. அந்த நேரம் பார்த்து அவன் வந்து கதவைத் திறந்தான். முதலில் மேசையைப் பார்த்தான், பிறகுதான் அவளை.

"போச்சு! எல்லாம் போச்சு! கொப்புளம், எறும்பு போய் இப்ப நீயா?"

"கத்தரிக்கோல் எடுத்துட்டு வாங்க."

சட்டையை முழங்கையோரம் வெட்டினான். நெசவு தெரிய ஒரு துண்டுத் துணி ரெசினில் தங்கிவிட்டது. "பரவால்ல. காயட்டும், தேய்ச்சு எடுத்துட்டு இன்னொரு பூச்சு..."

"தேய்க்காதீங்க."

"என்ன?"

"இது இப்படியே இருக்கட்டும். காஞ்ச அன்னைக்கு நான் இங்க உக்காரணும். போதுங்க."

அவன் உப்புத்தாளைச் சுருட்டினான், பிரித்தான், மறுபடி சுருட்டினான். "முடிஞ்சுதுன்னா, காலைல எந்திரிச்சு நான் என்ன பண்றது?"

வேறு யாராவது கேட்டிருந்தால் அவளிடம் பக்குவமான சொற்கள் இருந்திருக்கும். "தெரியலங்க" என்றாள். சரி, தேய்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாம் போல நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் போன் மறுபடி துடித்தது.

அவன் வெளியே போய்க் கதவைச் சாத்தினான். ஆனால் கதவடியில் நிழல் நகரவில்லை. அங்கேயே நின்றுகொண்டிருந்தான். ஆள் நிற்கும்போது அவள் இந்த அழைப்பை எடுக்கக் கூடாது.

"ஏங்க," என்றாள். "அந்தப் பக்கம் போங்க."

நிழல் விலகியது. கூடத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அது அடங்கும்வரை காத்திருந்து, வெறும் முழங்கையை மடியில் வைத்துக்கொண்டு, போனை எடுத்தாள்.