இரண்டாம் எண் கயிறு

மூன்றாவது அட்டையில் பெயர் எழுதிக்கொண்டிருந்தபோது பேனா முனை விரிந்து ஒரு சொட்டு மை தெறித்தது. ரோனா அதை ஒதுக்கிவிட்டு இன்னொரு அட்டையை எடுத்தாள்.

"அடக்கம் பதினோரு மணிக்கு. மணி இப்பவே ஒன்பது. அச்சடிச்ச மாதிரிதான் எழுதணும்னு உனக்கு என்ன வேண்டுதலா?" என்றார் ஆலெக் சித்தப்பா. கறுப்புக் கோட்டை நாற்காலியில் மாட்டிவிட்டு, இரண்டாவது சாசேஜ் ரோலைத் தின்றுகொண்டிருந்தார்.

"அந்த ரோல் எல்லாம் வர்றவங்களுக்கு, சித்தப்பா."

"நானும் வந்தவன்தானே? ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்."

சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்க எட்டுக் கயிறுகள். எந்தக் கயிறு யாருக்கு என்று எண் போட்ட எட்டு அட்டைகள். தலைமாட்டில் ஒன்றாம் எண், கால்மாட்டில் இரண்டாம் எண், மற்ற ஆறும் பக்கவாட்டில். யாருக்கு எது என்பதை அப்பாவே முடிவு செய்து வைத்திருந்தார். அவர் இறந்த மறுநாள், வரையும் மேசையின் இழுப்பறையில் ரோனா அந்தப் படத்தைக் கண்டெடுத்தாள். மேலிருந்து பார்த்தால் தெரிவதுபோல ஒரு பெட்டி, அதிலிருந்து எட்டுக் கோடுகள், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு பெயர். நடுங்கும் கையால் வரைந்திருந்தாலும் கோடுகள் சரியாகவே இருந்தன. இருபத்தைந்து ஆண்டுகள் பையன்களின் வாரப் பத்திரிகைக்குப் போர்ப் படக்கதைகள் வரைந்த கை.

சித்தப்பா படத்தை எட்டிப் பார்த்தார். "ஒண்ணு நீ. சரி. ரெண்டு இவளா? ஜெஸ்ஸி பெட்ரியா? உங்கப்பன் எதிர்ல வந்தா ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயிடுவாளே, அவளா? கூடப் பொறந்தவன் எனக்கு ஆறாம் நம்பர். முட்டிக்கால் பக்கம்."

"அப்பா எழுதினது."

"அவ வரமாட்டா, பாரு."

எழுதாமல் வைத்திருந்த இரண்டாம் எண் அட்டையை ரோனா மேசை ஓரத்துக்குத் தள்ளி வைத்தாள். நான்கு நாட்களுக்கு முன் துறைமுகத்தெருவில் ஜெஸ்ஸியின் வீட்டுக் கதவைத் தட்டியிருந்தாள். பாதி திறந்த கதவுக்குப் பின்னால் நின்று முழுவதையும் கேட்ட ஜெஸ்ஸி, "யோசிக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாத்திக்கொண்டாள். திரும்பி நடந்தபோது, வராமல் இருந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்றுதான் ரோனா நினைத்தாள். நினைத்ததற்காக அன்று முழுவதும் தன்னையே நொந்துகொண்டாள்.

ஒன்பதரைக்கு அழைப்பு மணி அடித்தது.

வாசலில் ஜெஸ்ஸி பெட்ரி. எழுபத்தெட்டு வயது. கடல் மூடுபனி கோட்டின் மேல் பொடிப்பொடியாகப் படிந்திருந்தது. "சர்ச்சுக்கு நேரா போகல. அதுக்கு முன்னாடி உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

சித்தப்பா எழுந்து நின்றார். "டீ போடட்டுமா, ஜெஸ்ஸி?"

"நீ போட்ட டீயை அறுபது வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவை குடிச்சிருக்கேன், ஆலெக். போதும்."

சித்தப்பா கோட்டை எடுத்துக்கொண்டு, கார் வந்துவிட்டதா என்று பார்ப்பதாகச் சொல்லி வெளியே போனார்.

ஜெஸ்ஸி உட்காரவில்லை. கைப்பையிலிருந்து பழுப்பேறிய பத்திரிகை ஒன்றை எடுத்து மேசை மேல் விரித்தாள். கடைசிப் பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. மடிப்பு அங்கேயே இருந்தது. ரோனா பார்க்காமலே அறிந்த பக்கம் அது.

இத்தாலியில் ஓர் ஆற்றங்கரை. சேற்றில் சாய்ந்து கிடக்கிறான் ஒரு சிப்பாய். இறுகிய தாடை, நெஞ்சின் மேல் துப்பாக்கி. தலைக்கு மேலிருந்த பேச்சுக் குமிழில், 'என்னை விட்டுட்டு முன்னேறுங்கடா!'

"இது என் தம்பி கீத்" என்றாள் ஜெஸ்ஸி. "பேர மாத்தி வரைஞ்சாலும் மூஞ்சி அவனோடது. அவனோட காது. போர் முடிஞ்சு உங்கப்பன் ஊருக்கு வந்ததும் கேட்டேன், கடைசியில என்ன ஆச்சுன்னு. நீதானே கூட இருந்தேன்னு. வாயத் தொறக்கல. சொல்லத் தெரியல, ஒருநாள் வரைஞ்சு காட்டுறேன்னான். இருபத்தாறு வருஷம் காத்திருந்தேன். கடைசியில இது வந்துச்சு, தபால்ல."

ரோனா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"கீத் இப்படிப் பேசமாட்டான், பொண்ணே. இருட்டுல கக்கூசுக்குப் போகக்கூட என்னக் கூப்பிடுவான். பதினேழு வயசு வரைக்கும். அவனா 'என்னை விட்டுட்டுப் போங்க'ன்னு சொல்லியிருப்பான்? உங்கப்பன் அவனத் தனியா விட்டுட்டு ஓடியிருக்கான். ஓடிட்டு, போன்னு அவனே சொன்ன மாதிரி அவன் வாயில எழுதியிருக்கான். இப்படித்தான் நான் நெனச்சேன். எழுதியும் கேட்டேன், இந்த வார்த்தையை யார் போட்டதுன்னு."

அவள் பத்திரிகைக்குள்ளிருந்து ஒரு சிறு கடிதத்தை எடுத்தாள். "இதான் பதில்."

அப்பாவின் கையெழுத்து. ஒரே வரி. 'வரைந்தது என் கை, ஜெஸ்ஸி. வேறு யாரையும் கேட்க வேண்டாம்.'

ரோனா அந்த வரியை இரண்டு முறை படித்தாள். 'வேறு யாரையும்' என்ற இடத்தில் அவள் கண் நின்றுவிட்டது.

அப்படியானால் அவருக்குத் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? அவர் கோடு எது, மகளின் கோடு எது என்று அவருக்குத் தெரியாதா? பத்திரிகை வந்த அன்று காலை, கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு அந்தப் பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஆபீஸ்ல மாத்திட்டாங்க போல" என்றார். "ஆமாப்பா" என்றாள் அவள். அவ்வளவுதான். கேள்வியைப் போட்டுப் பதிலையும் தானே எடுத்துக் கொடுத்திருந்தார். அதை வாங்கிக்கொண்டு இருபத்தைந்து வருடம் அவளால் இருக்க முடிந்திருக்கிறது.

போன வியாழக்கிழமை, தன் கடைசிப் பிற்பகலில், அப்பா அவள் வலது கையை எடுத்து நடுவிரலில் பேனா அழுத்திக் காய்த்த இடத்தைத் தடவினார். "நல்ல கை உனக்கு" என்றார். அதை அவள் பாராட்டாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்காவது சொல்லியிருப்பானே" என்றாள் ஜெஸ்ஸி. "அவன் ஓடினானா, இல்லையா? எனக்கு இது மட்டும் தெரியணும். தெரியாம அந்தக் கயித்தப் பிடிக்கமாட்டேன்."

இல்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். சொல்லிவிட்டு மேலும் ஒரு பொய்க்குப் பின்னால் நின்றுகொள்ளலாம். ரோனா மாடிக்குப் போனாள். அலமாரியில் குளிர்காலப் போர்வைகளுக்கு அடியிலிருந்து ஒரு தட்டையான காகித உறையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அச்சுக்குப் போன மூலப்பக்கம் அது. ஆபீஸ் அலமாரியிலிருந்து அவள் திருடி வந்து பதினேழு வருடம் ஆகிறது. பத்திரிகைப் பக்கத்தைவிட இரண்டு மடங்கு பெரியது. அதே ஆறு, அதே சேறு, அதே தாடை. ஆனால் அச்சில் தெரியாதது இதில் தெரிந்தது. சிப்பாயின் முகத்திலும் கையிலும் திட்டுத்திட்டாக வெள்ளைச் சாயம் அப்பியிருந்தது. அதன் மேல்தான் புதிய கோடுகள் ஓடின. வெள்ளை இப்போது மஞ்சளித்து நுணுக்கமாக வெடித்திருந்தது.

"மாத்தினது நான்" என்றாள்.

ஜெஸ்ஸி பக்கத்தைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தாள்.

"அப்பா காய்ச்சல்ல படுத்திருந்தாரு. அப்பா முன்னாடி அனுப்பின மாதிரிப் படத்தைப் பாத்துட்டு, ஆபீஸ்லேர்ந்து எடிட்டர் லோரிமர் போன் பண்ணினாரு. அழுவுற சிப்பாய்ப் படத்தை எந்தப் பையனும் காசு குடுத்து வாங்கமாட்டான், மாத்திக் குடுங்க, நாலு மணி ரயில்ல வரணும்னாரு. அப்பாவ எழுப்புறேன்னேன். வேணாம், நீயே பண்ணு, நல்லா வந்தா படப் பிரிவுல வரையுற வேலை, உனக்கு ஒரு ஸ்டூல் இருக்குன்னாரு." அவள் குரல் தழுதழுக்கவில்லை, அதுவே அவளுக்கு வெட்கமாக இருந்தது. "இருபத்தோரு வயசு எனக்கு. அதுவரைக்கும் அவரோட குமிழுக்குள்ள எழுத்து எழுதுறதுதான் என் வேலை. அந்த ஸ்டூல் வேணும்னு இருந்துச்சு. அவர் மாடியிலதான் படுத்திருந்தாரு, மிஸ் பெட்ரி. பன்னெண்டு படி. ஏறிக் கேட்டிருக்கலாம்."

"அது என் தம்பின்னு தெரியுமா உனக்கு?"

பொய் சொல்ல இன்னும் ஓர் இடம் மிச்சமிருந்தது.

"தெரியும்."

ஜெஸ்ஸி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தின் மேல் குனிந்தாள். பிறகு கோட்டுக் கைமடிப்பிலிருந்து கைக்குட்டையை உருவி, அதன் முனையை நாக்கில் நனைத்து, பள்ளிக்கூடம் போகும் பையனின் கன்னத்தைத் துடைப்பதுபோல அந்த முகத்தைத் துடைக்கத் தொடங்கினாள்.

ரோனா தடுக்கவில்லை. வெள்ளை கரையும், அடியிலுள்ள அப்பாவின் மை கரையாது என்பது அவளுக்குத் தெரியும்.

முதலில் இறுகிய தாடை போனது. அதன் அடியிலிருந்து திறந்த வாய் வந்தது. பிறகு கன்னம், கன்னத்தில் வழியும் கோடுகள். சேறு படிந்த முகத்தில் கண்ணீர் போன வழி மட்டும் சுத்தமாக இருந்தது. ஜெஸ்ஸி மறுபடியும் கைக்குட்டையை நனைத்தாள். துப்பாக்கி மெல்ல மெல்லக் கரைந்தது. அது இருந்த இடத்தில் இரண்டு கைகள் தெரிந்தன. ஒன்று கீத்துடையது. அதைப் பற்றியிருந்தது இன்னொருவனின் கை. நீளமான விரல்கள், கட்டைவிரல் நகத்தில் ஒரு பிளவு.

அந்த நகத்தை ரோனா போன வாரம்தான் வெட்டிவிட்டாள்.

பேச்சுக் குமிழின் மேல் ஒட்டியிருந்த தாள்துண்டின் பசை காய்ந்து ஓரம் தூக்கியிருந்தது. ஜெஸ்ஸி நகத்தைக் கொடுத்து நெம்பினாள். அது சருகுபோலக் கழன்று வந்தது. அடியில் அப்பாவின் பென்சில் எழுத்து. மகள் மை போடுவதற்காக அவர் எழுதி வைத்தது.

'கையை விட்டுடாத, வால்ட்.'

அப்பா தன் சொந்தப் பெயரை எந்தக் கதையிலும் போட்டதில்லை. இதில் மட்டும்தான்.

ஜெஸ்ஸி கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு, "இருந்திருக்கான்" என்றாள். "கடைசி வரைக்கும் கூடவே இருந்திருக்கான். எதிர்ல வந்தா நான் ரோட்டைத் தாண்டிப் போயிடுவேன். ஒவ்வொரு தடவையும் தொப்பியக் கழட்டுவான். நான் தாண்டின பின்னாடியும் கழட்டுவான்."

"என்னால" என்றாள் ரோனா.

"ஆமா. உன்னாலதான்."

அவள் சொன்ன விதத்தில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் ஏதாவது பிடிமானம் இருந்திருக்கும்.

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே. எங்கிட்ட வேணாம், அவன்கிட்ட."

"முதல்ல அந்த ஸ்டூலுக்காகச் சொல்லல. அப்புறம் நாளாயிடுச்சு. அப்புறம் அவருக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்."

"நெனச்சியா, நெனச்சுக்கிட்டியா?"

வெளியே காரின் ஹாரன் கேட்டது. சித்தப்பா கதவைத் திறந்து தலையை நீட்டினார். இருவரையும், மேசையையும் பார்த்துவிட்டு, "கார் வந்தாச்சு" என்று மெதுவாகச் சொன்னார்.

மேசையின் ஓரத்தில் இரண்டாம் எண் அட்டை கிடந்தது. இன்னும் பெயர் எழுதப்படவில்லை. ஜெஸ்ஸி அதை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இடுகாட்டில் பனி விலகவில்லை. கீழே கடல் இருப்பது சத்தத்தில் மட்டும் தெரிந்தது. அடக்கக்காரர் எண்களைத் தாழ்ந்த குரலில் கூப்பிட்டார். ரோனா தலைமாட்டில் போய் நின்றாள். நேர் எதிரே, பெட்டியின் முழு நீளத்துக்கு அப்பால், ஜெஸ்ஸி.

"மெதுவா விடுங்க. எல்லாரும் ஒண்ணா."

கயிறு உள்ளங்கையில் உரசிக்கொண்டு இறங்கியது. அப்பா இவ்வளவு கனப்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கடைசி நாட்களில் அவரை ஒற்றை ஆளாகத் தூக்கி உட்கார வைத்திருக்கிறாள். பெட்டி அடியைத் தொட்டதும் கயிறுகள் தளர்ந்தன. பாதிரியார் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தார். அடக்கக்காரர் தலையசைத்தார். பக்கவாட்டில் நின்ற ஆறு பேரும் கயிற்றைக் கைவிட்டார்கள். அவை மூடியின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக விழும் சத்தம் கேட்டது.

அடக்கக்காரர் காத்திருந்தார். ஆலெக் சித்தப்பா தொண்டையைச் செருமினார்.

எதிரே ஜெஸ்ஸி கயிற்றை விடவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் பிடித்திருந்தாள். கட்டைவிரலிலும் நகக்கண்ணிலும் பனி ஈரத்தில் இளகிய வெள்ளைச் சாயம் ஒட்டியிருந்தது. கயிற்றின் கறுப்பிலும் கொஞ்சம் அப்பியிருந்தது. ரோனாவும் தன் முனையைப் பிடித்தபடி நின்றாள்.