நாற்பத்தொன்றாவது வரி

ஆய்வேட்டிலிருந்து ஐந்தாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டால் டாக்டர் பட்டம். எடுக்காவிட்டால் இழுபறி. வாய்மொழித் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வழிகாட்டி ராஜகுமாரி மேடம் போனில் இப்படிச் சொன்னார். சொந்த ஊரான பண்ணைக்காட்டில், மிளகு காயும் மொட்டைமாடியில் நின்று கேட்ட ஜெயப்பிரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாலு வருஷ உழைப்பே அந்த அத்தியாயம்தான். இதுவும் அதுவும் சமம், அல்லது சமமல்ல என்று சொல்லும் வரிகளுக்குள் முரண்பாடு இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் தேடுவதற்கு அவள் ஒரு முறை வகுத்திருந்தாள். பெரியதை எடுத்துவிட்டு, அதற்குச் சமமான சின்னதை வைக்கும். திரும்பிப் போகவே போகாது. அப்படி ஒரே திசையில் போனாலும் இருக்கிற முரண்பாடு எதுவும் தப்பாது என்று நிரூபித்திருந்தாள்.

வெளித்தேர்வாளர் அதற்குத்தான் ஆப்பு வைத்தார். நாற்பது வரிகளை அனுப்பி, 'இதில் முரண்பாடு அப்பட்டம். உங்கள் முறை ஒன்றும் காணாமல் நின்றுவிட்டது' என்று எழுதியிருந்தார்.

"பெரிய மனுசரு சொல்றாரு. விட்டுக்குடுத்துட்டு வெரசா முடிம்மா," என்றார் அப்பா ஆண்டிச்சாமி, மிளகைக் கிளறியபடி.

"பெரிய மனுசரு சொன்னா தப்பு சரியாயிருமாப்பா?"

முறை ஒன்றும் காணாமல் நின்றால், அத்தனை வரியும் உண்மையாகிற ஓர் உலகத்தைக் கட்டிக் காட்டலாம். நிரூபணத்தின் உயிரே அதுதான். சரி, இந்த நாற்பதுக்கும் கட்டிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தாள். உள்ளூரப் பயம்தான். மூன்றாம் நாள் காலை அந்த உலகத்தைக் கட்டி முடித்துவிட்டாள். அதில், வரிகளில் வந்த ஏ, பி என்ற இரண்டு பெயர்களும் ஒரே பொருளைக் குறித்தன. வாய்விட்டுச் சிரித்தாள்.

தேர்வு வீடியோவில் நடந்தது. அவள் காட்டியதைப் பார்த்த தேர்வாளர் முகம் சுளித்தார்.

"ஏ வேற, பி வேற. இதைக்கூடச் சொல்லணுமா?"

"சொல்லணும் சார். நாப்பது வரியில எங்கயும் இல்ல. பேரு ரெண்டு இருந்தா பொருளும் ரெண்டுன்னு என் முறை தானா நெனச்சுக்காது."

'ஏயும் பியும் சமமல்ல' என்று இன்னொரு வரியைச் சேர்த்து ஓடவிட்டாள். அடுத்த நொடியே முரண்பாடு என்று திரையில் வந்தது.

தேர்வாளர் தொண்டையைச் செருமினார். "இருந்தாலும் எதுவும் தப்பாதுங்கறது கொஞ்சம் அகங்காரம். பெரும்பாலும் தப்பாதுன்னு மாத்திடுங்க."

ராஜகுமாரி மேடம் 'சரின்னு சொல்லு' என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

"மாட்டேன் சார். பெரும்பாலும்னு போட்டா அது நிரூபணமே இல்ல. தவறவிட்டது என் முறை இல்ல, நீங்க. பட்டம் குடுக்கிறது உங்க இஷ்டம். 'எதுவும்'ங்கற வார்த்தைய எடுக்க மாட்டேன்."

தேர்வாளர் ஐந்தாம் அத்தியாயத்தை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார்.

"ஆறாம் அத்தியாயத்துக்குப் போகலாம்," என்றார்.